பழைய வீட்டில் கருவாலித் தரை: பலகையைத் தேர்தலும் பதித்தலும்

வீட்டின் உறுப்புகளுள் மனிதன் இடைவிடாது தொட்டுப் பழகுவது தரை ஒன்றேயாகும். சுவரை நாம் பார்க்கிறோம்; கூரையின் நிழலில் இருக்கிறோம்; தரையிலோ நடக்கிறோம், அமர்கிறோம், நம் நாட்டு வழக்கப்படி உண்ணவும் உறங்கவும் செய்கிறோம். ஆகவே தரையை மாற்றுவதென்பது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற சிறு செயலன்று. அதிலும், நூறு ஆண்டு நின்ற ஒரு வீட்டின் தரைமீது அந்நிய நாட்டு மரத்தைப் பதிக்க முற்படும்போது, மரம், ஈரம், வெப்பம் ஆகிய மூன்றின் உறவை அறிந்து செயற்படுவது அவசியமாகிறது. அறியாமற் செய்தால் கைப்பொருள் போவதோடு, பழைய வீட்டின் சுவருக்கும் கேடு சூழும்.

பெங்களூர் நகரின் காக்ஸ் டவுன் பகுதியை இதற்கு உதாரணமாகக் கொள்வோம். தமிழ் மக்கள் தலைமுறைகளாக ‘தண்டு’ என்று வழங்கிவரும் பழைய இராணுவக் குடியிருப்பின் ஒரு பகுதி இது. 1898ஆம் ஆண்டில் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின்னர், நெருக்கமான பேட்டைகளுக்கு மாற்றாகக் காற்றோட்டமுள்ள புதிய குடியிருப்புகள் தண்டுப் பகுதியில் வகுக்கப்பட்டன. அக்காலத்தில் எழுந்த வீடுகளுள் சில இன்றும் காக்ஸ் டவுனில் எஞ்சி நிற்கின்றன. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர், மங்களூர் ஓடு வேய்ந்த கூரை, சன்னலின் மேல் மரச் சட்டங்களால் அமைந்த கூரிய முகப்பு, ரெட் ஆக்சைடு எனப்படும் செந்நிறச் சிமெண்டுத் தரை ஆகியன இவற்றின் இலக்கணம். சில வீடுகளில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும்கூட உண்டு. 1884ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பெங்களூரில் வெப்பநிலை 7.8 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கியது என்னும் பதிவைக் காணும்போது, அக்கணப்புகள் வெறும் அலங்காரமல்ல என்பது விளங்கும்.

இத்தகைய வீடுகளைப் புதுப்பிப்போர் இந்நாளில் ஓக் மரத் தரையை நாடுகின்றனர். தமிழில் கருவாலி என்று பெயர் பெற்ற இம்மரம் தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளர்வதன்று. இமயமலைச் சரிவுகளில் அதன் இனங்கள் உண்டு. ஆயினும் தரைப்பலகைக்கென விற்பனைக்கு வருவது பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விளைந்தது. குளிர்நாட்டு வீட்டுக்கென உருவான இப்பொருள் நம் வீட்டில் எவ்வாறு நடந்துகொள்ளும்?

மரமும் ஈரமும்

வெட்டி அறுத்து உலர்த்திய பின்னரும் மரம் காற்றோடு கொண்ட உறவை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை உறிஞ்சிப் பருக்கிறது. காற்று உலர்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் இறுதியில் அடையும் ஈர அளவைச் சமநிலை ஈரம் என்பர். ஏறத்தாழ 21 டிகிரி வெப்பநிலையில், காற்றின் ஒப்பு ஈரம் 30 சதவிகிதமானால் மரத்தின் சமநிலை ஈரம் சுமார் 6 சதவிகிதம். காற்றின் ஈரம் 50 ஆனால் 9. 80 ஆனால் 16.

பெங்களூரில் மார்ச் மாதப் பிற்பகலில் காற்றின் ஒப்பு ஈரம் 30 சதவிகிதத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதக் காலை வேளைகளிலோ 85 சதவிகிதத்தையும் எட்டும். குளிர்நாடுகளில் இதே மாறுதலை உண்டாக்குவது வீட்டைச் சூடாக்கும் கருவியாகும். வெளியே 0 டிகிரியில் 80 சதவிகித ஈரத்துடன் உள்ள காற்றை வீட்டினுள் கொணர்ந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரம் சுமார் 21 சதவிகிதமாகக் குறைந்துவிடும். காற்றிலுள்ள நீராவி குறையவில்லை. சூடேறிய காற்றின் கொள்ளும் திறன் பெருகிவிட்டது. ஆகவே, கருவி எதுவும் வைத்துச் சூடாக்காத காக்ஸ் டவுன் வீட்டிலும், வேனிற்காலம் தானே வெப்பமூட்டும் கருவியின் வேலையைச் செய்கிறது எனலாம். குளிர்சாதனம் பொருத்திய அறையிலும் காற்று உலர்கிறது. வெப்பமூட்டிய வீடுகளுக்கென மேனாட்டார் கண்ட விதிகள் நமக்கும் பயன்படுவது இக்காரணத்தாலேயே.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அசைவதில்லை. நார் ஓடும் நீளவாட்டில் அதன் சுருக்கம் மிகச் சிறிது; பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும் வரையிலும் நூற்றுக்கு 0.1 முதல் 0.2 பங்குதான். ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையிலோ, வெள்ளைக் கருவாலியின் மொத்தச் சுருக்கம் நூற்றுக்கு 10.5 பங்கு. அதே திசையில் தேக்கின் சுருக்கம் 5.8 பங்கே.

இதன் பொருளை ஒரு கணக்கால் காண்போம். வீட்டினுள் பலகையின் ஈரம் ஆண்டுக்குள் 4 சதவிகிதம் ஏறி இறங்குவதாகக் கொள்வோம். 150 மில்லிமீட்டர் அகலமுள்ள, வளையத் திசையில் அறுத்த தனிக் கருவாலிப் பலகை அப்போது ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர் அசையும். அதே அகலத் தேக்குப் பலகை 1.1 மில்லிமீட்டர் மட்டுமே அசையும். 4 மீட்டர் அகலமுள்ள கூடத்தில் கருவாலிப் பலகைகளின் அசைவை எல்லாம் கூட்டினால் 58 மில்லிமீட்டர், அதாவது இரண்டேகால் அங்குலம் வருகிறது. கோடையில் பலகைகளுக்கிடையே நாணயம் நுழையும் இடைவெளி தோன்றுவதும், மழைக்காலத்தில் பலகை கிண்ணம்போல் குழிந்து விளிம்பு உயர்வதும் இதனாலேயே. நம் முன்னோர் தேக்கை விரும்பியது கறையானுக்கு அஞ்சி மட்டுமன்று என்பது இதிலிருந்து பெறப்படும்.

பல்லடுக்குப் பலகையின் தத்துவம்

இக்குறையை நீக்கவே பல்லடுக்குப் பலகை உருவாயிற்று. ‘எஞ்சினியர்டு ஓக்’ என்று கடைகளில் வழங்குவது இதுவே. மேலே 2 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் உண்மையான கருவாலித் தகடு. அதன் கீழே பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகை, அல்லது நார் குறுக்காக ஓடும்படி அடுக்கிய மென்மரம். அடியில் இழுவிசையைச் சமன்செய்ய மற்றொரு தகடு. ஓர் அடுக்கு அகலவாட்டில் விரிய முயலும்போது, அதனோடு ஒட்டிய அடுத்த அடுக்கின் நார் அதே திசையில் நீளவாட்டாக அமைந்து அதனைத் தடுத்து நிறுத்துகிறது. மரத்தின் ஒரு குணத்தை அம்மரத்தின் மற்றொரு குணத்தாலேயே அடக்கும் உபாயம் இது.

ஒட்டுப்பலகை பற்றிய ஆராய்ச்சி பெங்களூருக்குப் புதிதன்று. இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிலையம் இந்நகரில் 1962இல் தொடங்கியது. மல்லேஸ்வரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் முன்னோடியான வன ஆராய்ச்சிக்கூடம் 1938இலேயே தோன்றியது.

எனினும் அடுக்குகளின் வலிமை முழுவதும் பசையின் வலிமையே. பசை ஈரத்தில் விட்டுப்போனால் பலகை ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். கடல் மரக்கலங்களுக்கான ஒட்டுப்பலகைக்குரிய இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 710 ஆகும், அதன் பசை கொதிநீரில் 72 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. தரைப்பலகையின் நடு அடுக்குக்கும் கொதிநீர் தாங்கும் பசையைக் கேட்டு வாங்குவது நம் தட்பவெப்பத்துக்கு உகந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பெயரில் ஏமாறாதிருத்தல் முதற்கடமை. குடகு, நீலகிரித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் ‘சில்வர் ஓக்’ பெயரளவில் மட்டுமே ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்து மரம். ‘லேமினேட்’ தரையோ, அழுத்திய மரத்தூள் பலகையின்மீது ஓக் மரத்தின் நிழற்படத்தை ஒட்டியது. அதன் விலை குறைவு. நேர்மையாக விற்றால் அதனைக் குறைகூற இடமில்லை. ஆனால் அதனை ஓக் என்று எண்ணி ஓக்கின் விலை கொடுப்பது தவறு. ஒரே மரக்கணு பல பலகைகளில் அச்சுப்போல் மீண்டும் மீண்டும் தோன்றினால் அது படமென்று அறியலாம். பலகையின் முனையைப் பார்த்தால், மேல்தகட்டின் நாரும் துளைகளும் கனம் முழுவதும் ஊடுருவி ஓடுவது உண்மை மரத்தின் அடையாளம்.

ஐயம் நீங்காவிடில் எளிய இரசாயனப் பரிசோதனை ஒன்று உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஓரிரு நாள் ஊறவைத்து, அந்நீரில் ஒரு துளியை மெருகிடாத முனையில் இட்டால், கருவாலி சற்று நேரத்தில் கருநீலமாகும். கருவாலியில் நிறைந்துள்ள டானின் என்னும் துவர்ப்பொருள் இரும்போடு கூடுவதே காரணம். கடுக்காயும் இரும்புச் சத்தும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் கையாண்ட வினையும் இதுவே. கருவாலித் தரைமீது ஈரமான இரும்புத் துகள் படக்கூடாது என்பதும் இதனால் விளங்குகிறது. எஃகுக் கம்பிச்சுருள் கொண்டு அதனைத் தேய்த்தால் கருங்கறை நிலைத்துவிடும்.

மேல்தகட்டின் கனம் அடுத்தது. 2 மில்லிமீட்டர் தகட்டைப் பின்னாளில் இழைத்துப் புதுப்பிப்பது கடினம். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்டதை இரண்டொரு முறை தேய்த்து மெருகிடலாம். வெளிர்நிற மேல்மரம் மிகுந்த பலகையைத் தவிர்க்க வேண்டும். கருவாலி போன்ற அகன்ற துளையுள்ள மரங்களின் மேல்மரத்தை, மாவுபோல் தூள் தள்ளும் துளைவண்டு விரும்பித் தின்னும். வைரம் பாய்ந்த பகுதியில் அது அவ்வளவாக நுழைவதில்லை.

வீட்டைச் சோதித்தல்

பலகையைச் சோதிப்பதினும் வீட்டைச் சோதிப்பது முக்கியம். பழைய வீட்டின் அடித்தரை பெரும்பாலும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த படுகைமீது அமைந்தது. மண்ணின் ஈரம் மேலேறாமல் தடுக்கும் படலம் அதில் இல்லை. மேலேறும் சிறிதளவு ஈரம் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் மெல்ல ஆவியாகிப் போகும். வீடு மூச்சுவிடுகிறது என்று கொத்தனார்கள் கூறுவது இதனையே. அந்தத் தரையைப் பாலிதீன் விரிப்பால் முற்றிலும் மூடிவிட்டால், வழி அடைபட்ட ஈரம் பக்கவாட்டில் சென்று சுவரின் அடியில் ஏறும். அங்கே உப்புப் பூத்துச் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிரும். தரை அழகாயிருக்கச் சுவர் அழியும்.

ஆகவே ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு விளிம்பையும் ஒட்டுநாடாவால் அடைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டு வைக்கவேண்டும். தாளின் அடியில் நீர்த்துளி அரும்பினாலோ, தரையின் நிறம் கருத்தாலோ, அங்கு மரம் பதித்தல் ஆகாது. அறையின் நடுவிலும், வெளிச்சுவரை ஒட்டியும், குளியலறைக்கு அருகிலும் இச்சோதனையைச் செய்க. மழைக்காலத்தில் செய்வது உத்தமம்; கோடையில் கிடைக்கும் நற்சான்றை நம்பலாகாது.

ஈரம் தோன்றினால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். தோட்டத்து மண் பீடத்தின்மேல் ஏறியிருத்தல், கூரைநீர் சுவரடியில் விழுதல், புதைந்த குழாயின் கசிவு, சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு ஆகியன வழக்கமான காரணங்கள். இவற்றை நீக்கியபின் ஒரு மழைக்காலம் பொறுத்து மறுபடி சோதிக்கலாம். அப்பொழுதும் ஈரம் மாறாதாயின், செந்நிறத் தரையை அப்படியே போற்றி, மரத்தை மாடியறைக்கு மட்டும் கொள்வதே அறிவுடைமை. மெழுகித் துடைத்த நல்ல செந்தரை எவ்வகையிலும் கருவாலிக்கு இளைத்ததன்று.

புதிதாகச் சிமெண்டுச் சாந்து இட்ட இடமாயின், கனம் 50 மில்லிமீட்டர் வரை, மில்லிமீட்டருக்கு ஒரு நாள் வீதம் உலர விடவேண்டும். அதற்கு மேற்பட்ட கனத்துக்கு இன்னும் நெடுநாள் வேண்டும். கறையான் புற்றின் தடம் சுவரடியில் உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். ஏற்கெனவே கட்டிய வீடுகளில் கறையானைத் தடுக்கும் முறையை ஐ.எஸ். 6313இன் மூன்றாம் பகுதி விளக்குகிறது. அவ்வேலையைத் தரை பதிக்கும் முன்பே முடிப்பது நலம்.

பதிக்கும் முறை

பலகைகளைத் தரையோடு ஒட்டலாம்; ஆணியடித்துப் பொருத்தலாம்; எதனோடும் பிணைக்காமல் மெத்தைப்படலத்தின்மேல் மிதக்கவும் விடலாம். பழைய செந்தரைமீது மிதக்கும் முறையே ஏற்றது. மெழுகேறிய அத்தரையில் பசை சரிவரப் பற்றாது. பற்றினாலோ, பின்னாளில் பெயர்க்கும்போது பழந்தரை சிதையும். மிதக்கும் தரையை வேண்டாதபோது எடுத்துவிட்டால் பாட்டன் காலத்துத் தரை பழுதின்றி வெளிப்படும்.

காலமும் கருதத்தக்கது. மார்ச்சில் பதித்த பலகை மழைக்காலத்தில் நெருக்கும். ஆகஸ்டில் பதித்தது கோடையில் விலகும். இரண்டுக்கும் இடைப்பட்ட நவம்பர் இறுதி முதல் ஜனவரி வரையிலான காலம் பெங்களூருக்கு ஏற்றது. பலகைப் பெட்டிகளை அதே அறையில் சமதளமாகக் கிடத்தி, தயாரிப்பாளர் குறித்த நாள் வரையில் அறையின் தட்பவெப்பத்துக்குப் பழக விடவேண்டும். 2 மீட்டர் மட்டப்பலகையை எப்பக்கம் வைத்தாலும், அதன் கீழ்ப் பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது. மேற்பட்டால் நடக்குந்தோறும் பலகை அமிழ்ந்தெழுந்து, நாக்கும் காடியும் கூடிய பொருத்து முறியும்.

சுவரைச் சுற்றிலும் 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது தவிர்க்கலாகாத விதி. கதவு நிலைகளையும் தூண்களையும் சுற்றியும் அவ்வாறே விடவேண்டும். ஆசாரி எவ்வளவு நுட்பமானவராயினும், பலகையைச் சுவரோடு இறுகப் பொருத்துவது இங்கே திறமையன்று, பிழையாகும். இடைவெளியைச் சுற்றுப்பட்டி மறைத்துக்கொள்ளும். அப்பட்டியைச் சுவரில் அறைய வேண்டுமேயன்றித் தரையில் அறையலாகாது. அடுத்தடுத்த வரிசைகளின் முனைப் பொருத்துகள் குறைந்தது ஓரடி தள்ளி அமையவேண்டும்.

மற்றொன்றையும் மறவாதிருத்தல் வேண்டும். பலகையும் அதன் மெத்தையும் சேர்ந்து தரையை முக்கால் அங்குலம் அளவுக்கு உயர்த்தும். கதவின் அடியை அறுக்க நேரும். படிக்கட்டின் முதற்படி மற்றப் படிகளைவிடத் தாழ்ந்துபோகும். அறை வாயிலில் தோன்றும் சிறு மேடு முதியோரைத் தடுக்கி விழச்செய்யும். வாயிலில் சரிவான பட்டி பொருத்துவது கட்டாயம்.

வெப்பமூட்டும் வீடுகள்

கணப்பு மூட்டும் அறையில், அடுப்பின் முன்னுள்ள கல் தளத்தை எடுத்துவிட்டு மரத்தை நெருப்பு வரை கொண்டுசெல்வது பேராபத்து. கல் தளம் இருந்தபடியே இருக்க, மரம் அதன் விளிம்போடு நிற்க வேண்டும்.

உதகமண்டலம், குன்னூர் போன்ற மலைநகர்களில் இச்சிக்கல் இன்னும் மிகுதி. வெளியே 8 டிகிரியில் 80 சதவிகித ஈரமுள்ள காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரம் சுமார் 37 சதவிகிதமாகும். மழைக்காலத்தில், நெருப்பில்லாத அதே அறையில் அது 85ஐத் தாண்டலாம். தரைக்குக் கீழே சூடு பரப்பும் முறை பழமையானது. உரோமானியரின் அடித்தள வெப்ப அறைகளும் கொரியரின் ஒண்டோலும் இவ்வகையின. இந்நாளில் மின்கம்பி விரிப்பும் வெந்நீர்க் குழாயும் அவ்வேலையைச் செய்கின்றன. அவற்றின்மேல் கருவாலியைப் பதிப்பதாயின், மரத்தின் மேற்பரப்பு 27 டிகிரிக்கு மேற்படாதவாறு கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும். மரம் வெப்பத்தைத் தடுக்கும் பொருள். 15 மில்லிமீட்டர் கருவாலியின் வெப்பத்தடை, ஐரோப்பிய விதி அனுமதிக்கும் அளவில் ஏறத்தாழ அறுபது சதவிகிதமாகும். அதன்மேல் தடித்த கம்பளத்தையும் விரித்தால் சூடு கீழேயே தேங்கிப் பலகையை வருத்தும். குளிர்காலத் தொடக்கத்தில் சூட்டை ஒரேயடியாக உயர்த்தாமல், நாளுக்கு ஓரிரு டிகிரி வீதம் ஏற்றுவதே முறை.

பராமரிப்பும் பள்ளிப் பரிசோதனையும்

நாள்தோறும் வாளி நீர் கொண்டு தரையைத் துடைப்பது நம் வீட்டு வழக்கம். கருவாலித் தரையைக் கெடுப்பதில் மழையைவிட இவ்வாளியே முன்னிற்கும். பிழிந்து பிழிந்து ஈரம் அரிதாகிய துணியே போதுமானது. செருப்பை வாயிலிலேயே கழற்றும் நம் பழக்கமோ, மணல் உராய்வைத் தடுத்து மெருகைக் காக்கிறது. வீட்டு வேலை செய்வோருக்கு இம்முறையை முதலிலேயே சொல்லித் தருதல் வேண்டும். பின்னர் அவர்மேல் குறைகாண்பது நியாயமன்று.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பில் எளிதாக விளக்கலாம். ஒரு மரத்துண்டை நிறுத்து, சுமார் 103 டிகிரி வெப்பமுள்ள அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்கச் செய்க. முதலில் 56 கிராமும் பின்னர் 50 கிராமும் இருந்தால், குறைந்த 6 கிராமை உலர்ந்த எடையான 50ஆல் வகுத்து நூறால் பெருக்க, ஈரம் 12 சதவிகிதம் எனக் கிடைக்கும். தனி மரச்சீவல் ஒன்றையும் அதே அளவுள்ள ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றையும் ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றிவைத்து, நீளத்தையும் அகலத்தையும் முன்னும் பின்னும் அளக்கச் செய்தால், அடுக்கின் பயனை மாணவர் கண்கூடாகக் காண்பர்.

களப்பணியாளர்களிடம் ஆலோசனை கேட்டு வருவோர் பெரும்பாலும் பலகையின் விலையையும் நிறத்தையும் பற்றியே வினவுவர். அவர்களுக்கு முதலில் அளிக்க வேண்டிய மறுமொழி ஒன்றே: பாலிதீன் தாளைத் தரையில் ஒட்டி ஓர் இரவு பொறுங்கள். அத்தாள் உலர்ந்திருந்தால் பல்லடுக்குக் கருவாலியோ, அதனினும் அசைவு குறைந்த பல்லடுக்குத் தேக்கோ, விருப்பம்போல் கொள்ளலாம். நனைந்திருந்தால், பலகைக்கென வைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கூரைநீர் வடிகாலுக்குச் செலவிடுவதே அவ்வீட்டுக்குச் செய்யும் முதல் உதவியாகும்.